அடிக்காதவருக்கு நாற்காலி கிடையாது

“முதன்முதல்ல யாரை அடிச்சீங்க?”

மாவட்ட ஜூடோ சங்கத்தின் கண்ணியக் குழு மிசாவோவிடம் ஒருமுறை கேட்ட கேள்வி இது. அடித்தீர்களா என்று கேட்கவில்லை. அந்தக் கட்டத்தைக் குழு எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தேநீர்க் கோப்பைகளுக்கு மூடி இருந்தது. மிசாவோவின் கோப்பைக்கு மூடி இல்லை. இதில் என்னவோ இருக்கிறது என்று அவள் அப்போதே சந்தேகப்பட்டாள்.

“நான் யாரையும் அடிச்சதில்லைங்க,” என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் சங்கத் தலைவர் குரோய்வா. கழுத்தும் தலையும் ஒரே அகலம். அவர் கோப்பையின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடினார்.

“மிசாவோம்மா, இது ஜூடோ. பூ அலங்கார வகுப்பு இல்ல. இவ்ளோ வருஷமா பாய் மேல நிக்கறீங்க. ஒரு குட்டு?”

“இல்லைங்க.”

“மூங்கில் கம்பு?”

“எங்கிட்ட கம்பே இல்லைங்க.”

“செருப்பு?”

“இல்லைங்க.”

“செருப்பு கூடவா?” தலைவரின் குரலில் இரக்கம் வந்துவிட்டது.

போன குளிர்காலத்தில் பாண்டோ என்ற பயிற்சியாளர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவிப்பறை கிழிந்தது. இந்த மாவட்டத்தில் செவிப்பறைகள் அதற்கு முன்னும் கிழிந்திருந்தன. ஆனால் இந்த மாணவனின் சித்தப்பா செய்தித்தாளில் வேலை பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. ஆண்டுதோறும் போட்டிக்குச் செலவு செய்துவந்த மீன் கம்பெனி விலகிக்கொண்டது. தலைவரும் நிர்வாகிகளும் கேமராக்களுக்கு முன்னால் வரிசையாக நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். குனிந்த முதுகுகள் ஒரே மட்டத்தில் இல்லை என்று மறுநாள் வாசகர்கள் எழுதினார்கள். அப்போதுதான் சங்கம் பதறிப்போனது. செவிப்பறைக்குக்கூட அவ்வளவு பதறவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் கண்ணியக் குழு. அடிப்பதைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களால்தான் அடிப்பதை ஒழிக்க முடியும் என்று தீர்மானமானது. எனவே குழுவுக்கு ஆள் பிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. மாவட்டத்தின் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் குழுமுன் வந்து, தான் அடித்ததைச் சொல்லி, வருந்தி, ‘திருந்திய பயிற்சியாளர்’ என்ற பித்தளைப் பேட்ஜ் வாங்க வேண்டும். பேட்ஜ் இல்லாதவர் இலையுதிர்காலப் போட்டியில் பாய் ஓரத்து நாற்காலியில் உட்காரக் கூடாது.

“நான் அடிச்சிருக்கேன்,” என்றார் தலைவர். “பெருமையா சொல்லல, வெக்கத்தோட சொல்றேன். ஒரு ஊரையே அடிச்சிருக்கேன்னு வெச்சுக்குங்க. எங்கிட்ட அடி வாங்கினவன் இன்னிக்கு போலீஸ்லயும் இருக்கான், ஜெயில்லயும் இருக்கான். ரெண்டு இடத்துலயும் ஒழுக்கமா இருக்கான். ஆனா என் தோள்பட்டை? தேஞ்சுபோச்சு. மழை வந்தா தூங்க முடியல. பேப்பர்காரன் காதைப் பத்தி எழுதினான். இந்தத் தோளைப் பத்தி ஒரு வரி எழுதினானா?”

அருகில் இருந்த செயலாளர் நெமோட்டோ, “யோசிக்க அவகாசம் கேட்டார்,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“நான் கேக்கலையே சார்.”

“அப்படி எழுதறதுதாம்மா வழக்கம். மரியாதையா இருக்கும்.”

மிசாவோ குளிர்ந்த தேநீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாள். அவளுடைய பயிற்சிக்கூடம் துறைமுகத்தில், பழைய ஐஸ் பாக்டரியில் இருந்தது. காலையில் மீன் சந்தையின் கேன்டீனில் சோறு வடிப்பாள். மாலையில் இங்கே வந்து பாய்களைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுப்பாள். அடிபடாமல் விழத் தெரிந்தபின்தான் மற்றதெல்லாம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கூடவே ஏதாவது போட்டியும் வந்தது. பிறகு போட்டிகள் மட்டும் வந்தன.

இபுகி அவளிடம் வந்தது இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால். அதுவரை பாண்டோவின் கூடத்தில் இருந்தவள். உயரமான பெண், நல்ல இடுப்பு, பூனை மாதிரிக் கால். ஆனால் யாராவது காலரைப் பிடிக்கக் கையை நீட்டினால் போதும், கண்ணை இறுக்கி மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வாள். கண்ணை மூடிய ஜூடோக்காரியைக் குழந்தைகூடத் தூக்கிப் போட்டுவிடும்.

மிசாவோ அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தினமும் பயிற்சி முடிந்ததும் இபுகிக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, மெதுவாக அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோவாள். கண் மூடினால் கையை நிறுத்திக் காத்திருப்பாள். திறந்ததும் மறுபடி நகர்த்துவாள். கடைசியில் கை காலரில் போய் உட்காரும், அவ்வளவுதான். முதல் வருஷம் முழுக்கக் கை பாதி வழியிலேயே நின்றது. இரண்டாவது வருஷம் காலரைத் தொட்டது. இப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவே பழைய பயம் வந்தால், நடுவர் “மத்தே!” என்று நிறுத்தும் அந்தச் சில நொடிகளில் மிசாவோ நாற்காலியில் இருந்தபடி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் போதும். இபுகியின் கண் திறந்துகொள்ளும். அந்த நிறுத்தத்தில் மட்டும்தான் பயிற்சியாளர் பேசலாம், சைகை காட்டலாம் என்பது விதி. அதனால்தான் அந்த நாற்காலி.

இது இபுகிக்குப் பள்ளியில் கடைசி வருஷம். பாண்டோவை விட்டு வந்தபின் அவள் இறங்கும் முதல் மாவட்டப் போட்டியும் இதுதான்.

சங்கம் மிசாவோவுக்குக் கொடுத்த அவகாசத்தில் திருந்தும் வகுப்பும் அடக்கம். நகரத்து உள்ளரங்கில் நடந்தது. ஜூடோவில் கறுப்பு பெல்ட்டுக்குப் படிகள் உண்டு. படி இல்லாத எதையும் சங்கத்தால் புரிந்துகொள்ள முடியாது என்பதால் வருத்தத்துக்கும் படிகள் வகுத்திருந்தார்கள். குட்டியவருக்கு முதல் படி. அறைந்தவருக்கு மூன்றாம் படி. அடித்ததில் கம்பு உடைந்திருந்தால் ஐந்தாம் படி. பாண்டோவுக்கு ஆறு. தலைவர் எட்டாம் படி எடுத்துக்கொண்டார். ஒன்பதாவது வேண்டவே வேண்டாம் என்று தன்னடக்கத்தோடு மறுத்துவிட்டார்.

படிகள் வந்ததும் போட்டியும் வந்தது. “நீ என்னத்த அடிச்ச, நாலாம் படி கேக்கற?” என்று பயிற்சியாளர்கள் நடைவழியில் சண்டை போட்டார்கள். மலைப்பக்கத்து இளைஞர் ஒருவர் கம்பு உடைந்ததாகச் சொல்லி ஐந்தாம் படி வாங்கிவிட்டார். விசாரித்ததில் அவர் வெறுமனே கத்தியிருக்கிறார், கம்பு உடைந்தது ஜன்னலில் சிக்கி என்று தெரிந்தது. பொய்யாக வருந்தியதற்காக அவர் உண்மையாக வருந்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, அடி வாங்கியவர் நேரில் வந்து சாட்சி சொன்னால்தான் பேட்ஜ் என்று விதியை இறுக்கினார்கள்.

வகுப்பு எடுத்தவர் பாண்டோ. மாவட்டத்திலேயே நன்றாக அழக்கூடியவர் அவர்தான்.

“குனியறப்ப எதிர்ல நிக்கறவரோட செருப்பு நுனியப் பாருங்க,” என்றார். “செருப்பப் பாத்தா பழசெல்லாம் ஞாபகம் வரும், கண்ணீர் தானா வந்துடும். மூக்கால அழக் கூடாது. நெஞ்சுல இருந்து வரணும். அந்தப் பையன் காது விஷயத்துல நான் தினம் யோசிக்கறேன். நான் வலது கைக்காரன். எதிர்ல நின்னான். இடது காதுதானே கெடைக்கும்? டெக்னிக்ல தப்பில்ல. அவன் தலையத் திருப்பாம நின்னிருக்கணும். அத நான் அவனுக்குச் சொல்லிக் குடுக்காம விட்டுட்டேனே! அங்கதான் நான் ஒரு குருவா தோத்துட்டேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலரும் குறிப்பெடுத்தார்கள்.

கடைசி வரிசையில் மிசாவோ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எல்லோரும் குனிந்தபோது அவள் மட்டும் நிமிர்ந்திருந்ததால் பாண்டோவுக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள்.

“மேடம், நீங்களும் குனிங்க.”

“எதுக்குக் குனியணும்னு தெரியலைங்க.”

“சும்மா குனிங்க மேடம். காரணம் அப்புறம் வரும்.”

அவள் குனிந்தாள். காரணம் வரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த வாரமே செயலாளர் நெமோட்டோ ஐஸ் பாக்டரிக்கு வர ஆரம்பித்தார். மூலையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்லித் தேநீரைக் குடித்தபடி மிசாவோவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாலும் அவர் உடம்பு முன்னால் சாயும். கை துண்டோடு இறங்கினால் பெருமூச்சோடு பின்னால் சாய்வார்.

ஒருநாள் இபுகியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

“பாப்பா, மாஸ்டர் உன்னை அடிப்பாங்களா?”

“இல்ல சார்.”

“பயப்படாம சொல்லு.”

“பயப்படல சார்.”

“பயப்படலைன்னு சொல்ல வேண்டிய அளவுக்கு பயமா?”

இபுகி யோசித்தாள். “பாண்டோ மாஸ்டர்தான் அடிப்பாரு.”

“அது தெரியும்மா. அவரு ஆறாம் படி. நான் கேக்கறது இவங்கள. தனியா இருக்கறப்ப? போட்டில தோத்தப்ப?”

“தோத்தா சூப் வாங்கித் தருவாங்க.”

“சூப்பு...” நெமோட்டோ எழுதிக்கொண்டார். “சூடாவா?”

சங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் ஊருக்கு வர எவ்வளவு நேரமாகும்? சந்தையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு தாய், மிசாவோ கேட்கும்படியாகவே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “எல்லா கிளப்லயும்தான் அடிச்சாங்க. ஒத்துக்கிட்டாங்க, பேட்ஜ் வாங்கிட்டாங்க, முடிஞ்சுபோச்சு. இந்தம்மா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குதுன்னா, உள்ள எவ்ளோ பெருசா இருக்கும்னு பாத்துக்க.”

“என் பையன பாண்டோகிட்ட மாத்திட்டேன்டி,” என்றாள் மற்றவள். “அங்க எல்லாம் வெளிப்படையா இருக்கு.”

கூடத்தில் செருப்பு வரிசை குறைந்துகொண்டே வந்தது. மிசாவோவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லாமலா கேட்பார்கள்? கேன்டீனில் அரிசி கழுவும்போது தண்ணீருக்குள் தன் வலது கையை உற்றுப் பார்ப்பாள். யாருக்கும் தெரியாமல் அது எப்போதாவது எதையாவது செய்திருக்குமோ? ஒருநாள் ஞாபகம் வந்தது. வெகுகாலம் முன்பு ஒரு மாணவியின் முதுகில் குளவி உட்கார்ந்திருந்தது. மிசாவோ ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

நெமோட்டோவிடம் சொன்னாள். அவருக்குக் கண்ணெல்லாம் ஒளி.

“முதுகுலயா? சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டிருக்கும் சார்.”

“அந்தப் பொண்ணு அழுதுச்சா?”

“சிரிச்சுச்சு சார். குளவிதான் செத்துப்போச்சு.”

குழு இதற்காகவே கூடியது. பாதிக்கப்பட்டது குளவியே என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குளவியை முன்னிட்டு வருந்த இடம் உண்டா என்று பார்த்தார்கள்; குளவி சங்கத்தின் உறுப்பினர் இல்லை என்பதால் கைவிட்டார்கள்.

“கவலப்படாதீங்கம்மா,” என்று நெமோட்டோ ஆறுதல் சொன்னார். “உங்களுக்குப் பேட்ஜ் இல்லைன்னாலும் பாப்பா ஆடலாம். பேட்ஜ் இல்லாத மாஸ்டரோட புள்ளைங்களுக்குச் சங்கமே ஆள் போட்டுடும். படி ஜாஸ்தியா இருக்கறவங்களா பாத்துப் போடறோம். இபுகிக்கு பாண்டோ.”

மிசாவோவின் கையில் இருந்த பாய் நழுவியது.

“பாண்டோவா?”

“பாப்பாவுக்குப் பழக்கமானவருதானே? புது ஆள்னா கூச்சப்படும்.”

அன்று மாலை இபுகிக்கு அது தெரிந்துவிட்டது. அவள் பெல்ட்டின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். “நாற்காலியில அவரு உக்காருவாரா மாஸ்டர்?”

“இல்ல. நான்தான் உக்காருவேன்.”

“எப்படி?”

“உக்காருவேன்னா உக்காருவேன். நீ காலப் பாரு, கால் பின்னால போகுது.”

சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை.

நெமோட்டோவும் சும்மா இருக்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் பிள்ளைகள் போனபின் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.

“யாரும் இல்ல. என்னையே அடிச்சிருங்கம்மா.”

“என்ன சார் பேசறீங்க!”

“நானும் ஜூடோக்காரன்தானே? நாற்பது வயசு வரைக்கும் அடி வாங்கிருக்கேன், எனக்குப் பழக்கம். நாளைக்குக் காலைல வருந்துங்க, நானே சாட்சி சொல்றேன். மூணாம் படி நிச்சயம். வாங்க, சீக்கிரம். பஸ் போயிடும்.”

கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். மிசாவோ கையைத் தூக்கினாள். இபுகிக்காக என்று நினைத்துக்கொண்டாள். கை பாதி வழியில், எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றது. பிறகு தானாகவே அவருடைய சட்டைக் காலரைப் போய் நேராக்கியது.

நெமோட்டோ ஒரு கண்ணைத் திறந்தார். “அவ்வளவுதானா? ஈரத் துணியெல்லாம் கொண்டுவந்தேனேம்மா,” என்றார் மனத்தாங்கலோடு.

தோஃபு கடை வைத்திருந்த ருமிதான் வழி சொன்னாள். மிசாவோவின் பழைய மாணவி, குளவி உட்கார்ந்த முதுகுக்காரி. இப்போது நல்ல பருமன், நல்ல வாய்.

“இதுக்கா இவ்ளோ யோசனை? நீங்க அறைஞ்சீங்கன்னு நான் வந்து சொல்றேன் மாஸ்டர். எந்தக் கன்னம் வேணும்?”

“பொய்டி ருமி.”

“அவங்க கேக்கறதும் அதத்தானே? உண்மையச் சொன்னீங்க, எவன் கேட்டான்? நான் கண்ணுல தண்ணி வெச்சு ஒரு போடு போடறேன் பாருங்க. கடைக்கும் நாலு பேர் வருவாங்க.”

“அந்தக் குளவிய விட்டா நான் உன்னைத் தொட்டதுகூட இல்லையே.”

“தொட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே மாஸ்டர்.”

தலைவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் எல்லாம் நடக்கும் என்று நெமோட்டோ சத்தியம் செய்தார். அதனால் மிசாவோ சம்மதித்தாள். இபுகியிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. நெமோட்டோ இன்னொரு தரம் பார்லித் தேநீரோடு எதிரே உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடும். போட்டி முடிந்து, சூப்புக் கடையில் வைத்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பேருமாகச் சிரிக்கலாம் என்று விட்டுவிட்டாள். “பேட்ஜ் கெடைச்சிரும்,” என்று மட்டும் சொன்னாள். இபுகியும் மேலே கேட்கவில்லை.

போட்டியன்று காலை மிசாவோ கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தலைவர் அறைக்குப் போனால் அறை பூட்டியிருந்தது. நெமோட்டோ ஓடிவந்தார்.

“சின்ன மாற்றம்மா. மீன் கம்பெனிக்காரங்க திரும்ப வந்திருக்காங்க. எல்லாம் வெளிப்படையா நடக்கணுமாம். திறப்பு விழாவுலயே வெச்சிட்டோம்.”

அரங்கத்தில் மாவட்டத்தின் எல்லா மாணவ மாணவியரும் வெள்ளை உடையில் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒலிபெருக்கி. கேமராக்கள். ருமி பட்டுக் கிமோனோவில் வந்திருந்தாள்.

“மாஸ்டர், கூட்டம் ஜாஸ்தியா இருக்கே,” என்று முணுமுணுத்தாள். “திரும்பிப் போயிடலாமா?”

மிசாவோ திரும்பிப் போகத்தான் நினைத்தாள். அப்போது பாய் ஓரத்தில் பாண்டோ தெரிந்தார். கோட்டில் பூ. கையில் ஆட்ட வரிசைப் பட்டியல். அவருடைய பருத்த விரல் மேலிருந்து கீழே பெயர் பெயராக இறங்கி ஓரிடத்தில் நின்றது. அந்த விரல் எந்தப் பெயரில் நின்றது என்று மிசாவோவுக்குச் சந்தேகமே இல்லை.

ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள்.

“நான் அடிச்சேன்,” என்றாள். சத்தம் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. “என் மாணவி ருமிய... கன்னத்துல அடிச்சேன்.”

“எத்தனை தரம்?” என்று தலைவர் கனிவோடு எடுத்துக்கொடுத்தார்.

“பல தரம்ங்க!” என்றாள் ருமி முந்திக்கொண்டு. ஆரம்பித்துவிட்டால் அவளை நிறுத்த முடியாது. “தோத்தா அடிப்பாங்க, ஜெயிச்சாலும் அடிப்பாங்க! எல்லார் முன்னாலயும் சிரிச்சுக்கிட்டு, ஆள் இல்லாதப்ப அறைவாங்க!” சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துவிட்டது. கேமராக்கள் அருகில் போயின. பாண்டோ தொழில்முறையில் தலையை ஆட்டி ரசித்தார்.

மிசாவோ இடுப்பை வளைத்துக் குனிந்தாள். இப்போது காரணம் இருந்தது. நிமிர்ந்தபோது பேட்ஜைக் குத்திவிட்டு, தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“அன்பான பிள்ளைகளே! இந்தம்மா இவ்வளவு நாளா நான் அடிக்கல, அடிக்கலன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. எங்களுக்கு எவ்வளவு வேதனை! அடிக்காதவங்கள நாங்க எப்படி நம்பறது? என்னைக்கு அடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அடிச்சவன் அடிச்சு முடிச்சுட்டான். அவன்கிட்ட உங்களுக்கு என்ன பயம்? இன்னிக்கு இந்தம்மாவும் நம்மள்ல ஒருத்தர் ஆயிட்டாங்க. மாவட்டத்துல இனிமே அடிக்காத பயிற்சியாளர்னு ஒருத்தர்கூட இல்ல. இந்தச் சாதனைய...”

கைதட்டல் எழுந்தது. மீன் கம்பெனிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மிசாவோ வெள்ளை வரிசைகளில் இபுகியைத் தேடினாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். எல்லோரும் தட்டும்போது அவளுடைய கைகள் தொடைமேல் இருந்தன. அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்ப் பேச நேரம் தரவில்லை. பேட்ஜ் வாங்கியவரை நிர்வாகிகள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் குனிய வேண்டியிருந்தது. அதற்குள் இபுகியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாற்காலி தயாராக இருந்தது. மிசாவோ உட்கார்ந்தாள். இபுகி பக்கவாட்டில் வந்து நின்றாள்.

“இபுகி, அதெல்லாம் சும்மாடி. நான் அப்புறம்...”

நடுவர் மிசாவோவை நோக்கி விரலை ஆட்டினார். ஆட்டம் நின்றிருக்கும்போது மட்டும்தான் நாற்காலி பேசலாம். இன்னும் தொடங்கவே இல்லாத ஆட்டம் எப்படி நிற்கும்?

எதிராளி மலைப்பக்கத்துப் பெண், குட்டையான, வேகமான ஆள். முதல் பிடியிலேயே இபுகி அவளை அசைத்துவிட்டாள். கால் சரியாக இருந்தது, இடுப்பு சரியாக இருந்தது. மிசாவோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பெண் காலருக்காகக் கையை உயரே வீசினாள். இபுகியின் கண் மூடிக்கொண்டது. இருவரும் தடுமாறிப் பாயின் விளிம்புக்கு வெளியே போனார்கள்.

“மத்தே!”

இபுகி நடுவுக்குத் திரும்பி நடந்தாள். இந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவும். மிசாவோ நாற்காலியின் நுனிக்கு வந்து, “இபுகி!” என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பினாள். மிசாவோ உள்ளங்கையை விரித்து, மெதுவாக, எப்போதும்போல அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

இபுகி கண்ணை இறுக்கி மூடினாள். தலை தோளுக்குள் போனது.

மிசாவோவின் கை அங்கேயே நின்றது. கீழே இறக்கவும் பயமாக இருந்தது.

“ஹஜிமே!” என்று நடுவர் தொடங்கிவைத்தார். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. முதுகு பாயில் விழுந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. நடுவர் கையை நேரே மேலே தூக்கி “இப்போன்!” என்றார். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

இபுகி நன்றாகத்தான் விழுந்தாள். எங்கும் அடிபடவில்லை. எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு எதிராளிக்குத் தலை வணங்கினாள்.

தலைவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து மிசாவோவின் தோளைத் தட்டினார். “பாத்தீங்களா, தோத்ததுக்கு அழுகை இல்ல, கோவம் இல்ல, ஒரு கேள்வி இல்ல. என்ன அடக்கம்! அடிச்சு வளத்த புள்ளைன்னு பாத்தாலே தெரியுது. உங்களுக்கு நாலாம் படி குடுக்கலாம்னு குழுவுல சொல்லிட்டேன்.”

மிசாவோ அவர் கையை உதறிவிட்டு எழுந்தாள். இபுகி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். நாற்காலிப் பக்கமாகத்தான் வந்தாள்; வேறு வழி இல்லை.

“இபுகி,” என்றாள் மிசாவோ. இப்போது அவளைப் பேச வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. “பொய்டி. எல்லாம் பொய். ருமிகிட்ட வேணா கேளு. நான் யாரையும் அடிச்சதில்ல.”

இதைத்தான் அவள் பல மாதங்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இபுகி நின்று கேட்டாள். மிசாவோவின் கோட்டில் இருந்த பித்தளையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒரு கை தூரத்துக்கு வெளியே, கொஞ்சம் வளைந்து அவளைக் கடந்து போனாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.